பொருநை முகத்துத் தூண்டிற்காரர்

சில ஆண்டுகளுக்கு முன்பு மதரஸாவில் மாணவர்களுக்குக் காயல் துறைமுகத்தின் பண்டைச் சிறப்பை எடுத்துரைத்துக்கொண்டிருந்தோம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் மஃபர் முதலிய நாட்டுத் துறைகளில் வந்திறங்கின என்று எழுதியதைச் சொன்னோம். கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீனையும், பாண்டியன் அவையில் அமைச்சராய் வீற்றிருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானையும் பற்றிச் சொன்னோம். முத்துக் குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ கூறியவற்றையும் விரித்துரைத்தோம். பாடம் முடியும் தறுவாயில் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். அவன் தந்தை மிதிவண்டியில் மீன் விற்பவர்.

“ஹஜ்ரத், குதிரை கொண்டுவந்தவங்க இருக்காங்க, முத்து வாங்கினவங்க இருக்காங்க. அவ்வளவு பேருக்கும் மீன் பிடிச்சுக் கொடுத்தவங்க யாரு?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாமும் புன்னகைத்து, “பரதவர்கள்தாம்” என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அமர்ந்துவிட்டோம். ஆனால் அன்றிரவு அவ்வினா நம்மை விடவில்லை. முப்பதாண்டுகளாக நாம் சேர்த்துவைத்த குறிப்பேடுகளைப் புரட்டினோம். அரசர், அமைச்சர், வணிகர், பெரியோர், கல்வெட்டு, காசு எல்லாம் இருந்தன. நள்ளிரவில் படகேறிச் சென்று, கடலடியிற் கிடந்த பெருமீனை ஒரு கயிற்றால் மேலே கொணர்ந்தவனைப் பற்றி ஒரு வரியேனும் இல்லை. அவ்வெற்றிடத்தை நம்மால் இயன்றவரை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு கண்டதும் காணாததும்

பொதிகையிற் பிறந்த பொருநை, நெல்லைச் சீமையின் வயல்களை ஊட்டி வளர்த்து, புன்னைக்காயலுக்கருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. இம்முகத்துவாரத்தைச் சுற்றியே தென்பாண்டி நாட்டின் கடல் வரலாறு முழுவதும் நிகழ்ந்தது. முதலில் கொற்கை சிறந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்ளுஸ்’ என்னும் கிரேக்க நூல் அதனைக் ‘கொல்கி’ எனக் குறித்து, அங்கே தண்டனை பெற்றவர்களைக் கொண்டு முத்தெடுக்கப்பட்டதாகக் கூறுகின்றது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையை முன்னே தள்ளக் கொற்கை உள்நாட்டூராகியது. பின்னர்க் காயல் எழுந்தது. மார்க்கோ போலோ ‘காயில்’ என்று குறித்த துறை இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல் ஐயர் கண்ட முடிவு. அவர் 1870களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தவர். காயல்பட்டினமே அது எனக் கொள்வாரும் உளர். அதன்பின் போர்த்துக்கீசியர் காலத்துப் புன்னைக்காயலும், 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றிய தூத்துக்குடியும் தலையெடுத்தன. இவையனைத்தும் 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன.

இத்துணைத் துறைகளைப் பற்றியும் எழுதிய அன்னியர் அனைவரும் முத்தைப் பற்றி எழுதினர். அல்பிரூனி மணிகளைப் பற்றி எழுதிய ‘அல்ஜமாஹிர்’ நூலில் முத்துக்கு விரிவான இடம் தந்தார். மார்க்கோ போலோ சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்களுக்குச் சேரவேண்டிய பங்கு இருபதில் ஒன்று என்பது வரை குறித்துச் சென்றார். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சலாபம் நடந்த ஆண்டு, தோணிகளின் தொகை, குளியாட்களின் தொகை, கிடைத்த சிப்பிகளின் தொகை ஆகியவற்றை எண்ணி எண்ணி எழுதி வைத்தனர். காரணம் வெளிப்படை. முத்து அரசனுக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. தூண்டிலில் வந்த மீன் அன்று மாலையே குழம்பாகித் தீர்ந்தது. கருவூலத்துக்குள் வராத பொருள் கருவூலக் கணக்கனின் ஏட்டிலும் வரவில்லை.

தமிழ்ப் புலவர் இதற்கு ஓரளவு விலக்கு எனலாம். சங்ககால நெய்தற் பாடல்களிலே திமிலேறிச் செல்லும் பரதவரும், இரவில் கடல்மேல் மின்னும் திமில் விளக்குகளும், தூண்டிலும் வலையும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் அவர்தம் கருத்து தலைவன் தலைவியரின் பிரிவிலே நின்றது. தூண்டிலின் கயிறு எத்தனை பாகம் என்பதிலே நிற்கவில்லை.

தொழிலைத் தொழிலாகக் கண்டெழுதும் முயற்சி மிகப் பிற்காலத்தது. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பிரான்சிஸ் டேயின் ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூல் மீன்களை வகைப்படுத்தியது. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்தவரும், தூத்துக்குடியில் முத்துப் பார்களையும் சங்குப் பார்களையும் நெடுநாள் ஆய்ந்தவருமான ஜேம்ஸ் ஹார்னெல், 1920களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைத் தொகுத்தெழுதினார். 1947இல் நிறுவப்பெற்று மண்டபத்தில் வளர்ந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அப்பணியைத் தொடர்ந்தனர். இவர்கள் எழுதியிராவிட்டால் நம் கரையின் கைத்தொழிலுக்கு எழுத்துச் சான்றே இராது.

செப்பிலி என்னும் மீன்

நாம் எடுத்துக்கொண்டது பெருஞ்செம்மீனின் வேட்டை. நம் கரையில் செப்பிலி என்றும் சங்கரா என்றும் வழங்கும் இவ்வினத்தில் பல வகைகள் உள. ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயர் இரு மீன்களுக்கு வழங்குவதும் உண்டு. இவற்றோடு ஒரே பார்களில் வாழ்வன களவாவும் விளைமீனும். வளைகுடா நாடுகளில் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள் அங்கே ‘ஹாமூர்’ என்று விலை கொடுத்து வாங்குவது இக்களவா இனத்தையே. ‘ஷேரி’ என்பது விளைமீன் இனம்.

செப்பிலிகளுள் ஒரு வகை நம் பொருநையோடு தனி உறவுடையது. அதன் குஞ்சுகள் ஆற்றுமுகத்தில், உவர்நீரும் நன்னீரும் கலக்கும் அலையாத்திக் காடுகளின் வேர்களிடையே வளர்கின்றன. வளர்ந்தபின் கடலுக்குச் சென்று பார்களிற் குடிபுகுகின்றன. ஒரு மீட்டர் நீளத்தையும் தாண்டி வளரவல்லது இம்மீன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதும் ஆய்வாளர் கண்ட உண்மை. தூண்டிலிற் சிக்கிய ஒரு பெருஞ்செப்பிலி, தன்னைப் பிடித்த இளைஞனைவிட வயதில் மூத்ததாயிருக்கக் கூடும்.

அதன் செந்நிறம் நமக்குத்தான் செந்நிறம். ஞாயிற்றின் ஒளியில் சிவப்புக் கதிரே நீரில் முதலில் மறைவது. பத்துப் பாக ஆழத்தில் செம்மை என்பதே இல்லை. அங்கே செப்பிலி கரிய நிழலாகவே தோன்றும். கண்ணுக்கு அழகாய் நாம் காணும் நிறம் கடலடியில் அதற்கு மறைவுத் திரை. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணுந்தோறும் வியப்பே மிஞ்சுகின்றது.

பார் என்பது என்ன? கடலடியில் மணலும் சேறும் பரந்துகிடக்க, இடையிடையே பாறையும் பவளமும் எழுந்து நிற்கும் திட்டுகளே பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள முத்துப் பார்கள் பெரும்பாலும் ஏழு பாகம் முதல் பதின்மூன்று பாகம் வரை ஆழமுடையவை. அதற்கப்பாலும் ஆழ்பார்கள் உண்டு. கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, வாட்ஜ் திட்டு என்று வரைபடங்களிற் குறிக்கப்படும் பெருந்திட்டும் இத்தகைய மீன்களுக்குப் பேர்பெற்றது. 1920களின் இறுதியில் ‘லேடி கோஷன்’ என்னும் கப்பலைக் கொண்டு சென்னை அரசு ஆழ்கடல் மீன்வளத்தைச் சோதித்தது. 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வாட்ஜ் திட்டு இந்தியாவின் உரிமையென உறுதியாயிற்று.

முஅல்லிமும் மாலுமியும்

சிறுவனின் வினா உறுத்த, ஒரு நாள் புன்னைக்காயலுக்குச் சென்றோம். எழுபதைக் கடந்த ஒரு முதியவரைச் சந்தித்தோம். பாய்மர வள்ளத்தில் இளமையைக் கழித்தவர். நம்மைக் கண்டதும், “வாங்க ஆலிம்சா, இருங்க” என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். “அண்ணாச்சி, பெரிய செப்பிலி பிடிக்கிற விதத்தைச் சொல்லித்தர வேண்டும்” என்றோம். “கடலுக்கு வராத ஆளுக்கு எப்படிச் சொல்ல?” என்று சிரித்தார். பிறகு சொன்னார். அன்று அவரிடம் கேட்டதையும், நூல்களிற் கண்டதையும் இங்கே ஒருசேரத் தருகின்றோம்.

முதல் வேலை பாரைக் காண்பது. கரையிலிருந்து பல மைல் அப்பால், எங்கு நோக்கினும் ஒரே நீர். அடியில் ஒரு வீட்டு முற்றத்தளவே உள்ள பாறையின் நேர்மேலே படகை நிறுத்த வேண்டும். இருபது முழம் தவறினாலும் தூண்டில் வெறுமணலில் விழும். கருவியொன்றும் இல்லாத நாளில் இதனை எப்படிச் செய்தனர்?

கரையில் அண்மையில் ஓர் அடையாளம், அதன் பின்னே தொலைவில் ஓர் அடையாளம்: இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்கோட்டில் வரும்வரை படகைச் செலுத்துவர். அது ஒரு கோடு. பின்னர் வேறு திசையில் இன்னோர் இணையைப் பார்ப்பர். அது இரண்டாவது கோடு. இரு கோடுகளும் வெட்டும் இடமே பார். கோடுகள் அகன்று வெட்டினால்தான் இடம் துல்லியமாகும். குறுகிய கோணத்தில் வெட்டினால் பிழை மிகும். தென்கடற்கரையில் சிலர் இதனைக் ‘கணியம்’ என்பர். அளவைக் கணிதம் கற்றோர் ஏட்டில் வரையும் கோடுகளை இவர்கள் கண்ணால் வரைந்தனர்.

அவ்வடையாளங்கள் யாவை? வைகறையில் மேற்கே தெளியும் பொதிகை மலைத்தொடரின் முகடுகள், திருச்செந்தூர்க் கோயிலின் கோபுரம், மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயம், வீரபாண்டியன்பட்டினத்து மாதாகோயில், காயல்பட்டினத்துப் பள்ளி மினாராக்கள், தனித்து நெடிதுயர்ந்த ஒரு பனை. “எங்களுக்கு எல்லாமே வேணும் ஆலிம்சா. ஒண்ணு மறைஞ்சாலும் பாரு போச்சு” என்றார் முதியவர். அவர் இதனைத் தத்துவமாகச் சொல்லவில்லை. தொழில் நுணுக்கமாகவே சொன்னார். எந்தப் பாருக்கு எந்த இணை என்பதை அவர் வெளியிடவில்லை. அது தந்தை மகனுக்கு மட்டும் விட்டுச்செல்லும் சொத்து என்பதறிந்து நாமும் கேட்கவில்லை.

இங்கே அரபு மாலுமிகளின் நினைவு வருகின்றது. ராஸ் அல்கைமாவின் பழந்துறையான ஜுல்ஃபாரிற் பிறந்த இப்னு மாஜித், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘அல்ஃபவாயித்’ என்னும் கடற்கலை நூலை எழுதினார். விண்மீனின் உயரத்தை விரலால் அளப்பது, கரை நெருங்குவதை மலை, பறவை, நீரின் நிறம் ஆகிய குறிகளால் அறிவது முதலியவற்றை அவர் விளக்குகின்றார். வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் அவரே என்ற பழங்கதையை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. எனினும் அவர் கலையின் பெருமை அதனாற் குறையாது. கலம் செலுத்துவோனை அரபியர் ‘முஅல்லிம்’ என்றனர்; கற்பிப்போன் என்பது அதன் பொருள். அச்சொல்லே தமிழில் ‘மாலுமி’ ஆயிற்று. மதரஸாவில் நம்மை அழைக்கும் சொல்லும் கடலில் கலமோட்டியை அழைக்கும் சொல்லும் ஒன்றே. இப்னு மாஜித் தம் கலையை எழுதி வைத்தார். நம் கரையின் மாலுமிகள் எழுதவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவொன்றே.

தூண்டிலின் முறை

இடம் கண்டபின் குண்டு போட்டு ஆழமும் அடியும் பார்ப்பர். ஈயக்குண்டின் அடியில் மெழுகோ சவர்க்காரமோ அப்பி இறக்கினால், மணலாயின் மணல் ஒட்டும். சேறாயின் சேறு ஒட்டும். பாறையாயின் வெறுமையாய் வடுப்பட்டு வரும். கைதேர்ந்தவனுக்கு மெழுகும் வேண்டா. குண்டு தட்டும் ஓசை கயிற்றின் வழியே விரலுக்கு வந்து, கல்லா மண்ணா என்று சொல்லிவிடும்.

அடுத்தது நங்கூரம். பாரின் மேலேயே கல்லைப் போடலாகாது. நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பர். நீவாடு வரும் பக்கமாகச் சிறிது தள்ளிக் கல்லை இறக்கிக் கயிற்றை நெகிழவிட்டால், படகு தானே பின்வாங்கிப் பாரின் முனைமேல் வந்து நிற்கும். நீவாடு கடுமையாயின் தூண்டில் அடியை எட்டாமல் சாய்ந்தோடும். முற்றிலும் நின்றாலும் மீன் இரையெடுக்க அசையாது. மெல்லிய ஓட்டமே நல்லது. ஓட்டம் திரும்பும் வேளையைக் காத்திருந்து பிடிப்பவனே வல்லவன்.

பழங்காலத்துக் கயிறு பருத்தி நூலை முறுக்கியது. உப்புநீரில் இற்றுப்போகாமலிருக்கத் தென்கடற்கரைகளில் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிக் காய வைப்பர். கறுத்து விறைத்த அக்கயிறு மீனின் கண்ணுக்கும் எளிதிற் புலனாகாது. நைலான் நரம்பு பரவியது இந்திய விடுதலைக்குப் பின்னர்தான். முள் என்னும் தூண்டிற்கொக்கி முன்னாளில் கொல்லன் உலையில் அடிக்கப்பட்டது. பின்னர் நார்வே நாட்டு எஃகு முட்கள் வந்தன.

இரையிற் சிறந்தது கணவாய். எளிதில் கிழிந்து போகாமையால் சிறுமீன் கொத்திப் பறித்துவிட முடியாது; பெருமீன் வரும்வரை முள்ளில் நிற்கும். சாளை முழுதாகவோ இரண்டாய் அரிந்தோ கோக்கப்படும். எதுவாயினும் புதியதாக இருத்தல் வேண்டும். முள்ளின் முனை சதைக்குள் முற்றும் புதையாமல் சிறிது வெளியே நிற்கும்படி கோப்பர்.

குண்டு அடியைத் தொட்டதும் ஓரிரு முழம் மேலே தூக்கிப் பிடித்தல் வேண்டும். அன்றேல் முள் பாறையில் மாட்டும். கயிறு சுட்டுவிரலின் மேல் கிடக்கும். சிறுமீன் கொத்துவது படபடவென்று தெரியும். அதற்குக் கையை அசைக்கலாகாது. பெருஞ்செப்பிலியோ முதலில் கயிற்றை மெல்லக் கனக்கச் செய்யும். யாரோ கீழிருந்து மென்மையாய்ப் பிடித்து நிற்பதுபோல் இருக்கும். அப்போதும் பொறுக்க வேண்டும். அது திரும்பி நடக்கத் தொடங்கும்போது, இரு கையாலும் ஓங்கி இழுத்து முள்ளைப் பதிக்க வேண்டும்.

“முதல் ரெண்டு பாகத்துலதான் எல்லாம் இருக்கு” என்றார் முதியவர். முள் பட்டதும் மீன் நேரே தன் பாறை இடுக்கை நோக்கிப் பாயும். புகுந்துவிட்டால் பாறை விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று பாகம் விட்டுக்கொடாமல் மூச்சைப் பிடித்து இழுத்து, அதனைப் பாரிலிருந்து பிரிக்க வேண்டும். பிரித்தபின் முறை மாறும். அது ஓடினால் கயிற்றை விரல்களின் வழியே கனத்தோடு விட வேண்டும். நின்றால் சுருட்ட வேண்டும். இங்கே முரட்டுத்தனம் காட்டினால் கயிறோ மீனின் வாயோ கிழியும். கயிறு ஓடும் விசையில் உள்ளங்கை அறுபடாதிருக்கத் துணியோ, மிதிவண்டிச் சக்கரத்தின் பழைய ரப்பரோ சுற்றிக்கொள்வர். முதியவர் தம் வலக்கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் குறுக்கே கயிறு உழுத பள்ளம் ஐம்பதாண்டுக்குப் பின்னும் இருந்தது.

ஆழத்திலிருந்து விரைந்து ஏறும் மீனின் காற்றுப்பை, நீரின் அழுத்தம் குறையக் குறையப் பருக்கும். பாதிவழிக்கு மேல் அதன் வலிமை ஒடுங்கிவிடும். சில வேளை இரைப்பையே வாய்வழியே பிதுங்கி வரும். படகின் பக்கம் வந்ததும் கொக்கியால் தலையிற் குத்தி ஏற்றுவர். இவ்வாறு ஏறிய மீனை மீண்டும் கடலில் விட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆதலால் தேவைக்கு மேல் பிடித்து விட்டுவிடுவது இத்தொழிலில் அறமன்று. பிடித்தது போதும் எனில் தூண்டிலைச் சுருட்டுவதே அறம்.

கைத்தூண்டில் அன்றி, ஒரு நெடுங்கயிற்றில் நூற்றுக்கணக்கான கிளைமுட்களைக் கட்டிக் கடலடியிற் கிடத்தும் முறையும் உண்டு. கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் மரக்கிளைகளாலும் மூங்கில் நாராலும் பின்னிய கூடுகளைப் பார்களிடையே இறக்கி இம்மீன்களைப் பிடிப்பர். மண்டபம் நிலையத்தார் 1954இலேயே இதனை ஆய்ந்து வெளியிட்டனர். முத்தும் சங்கும் குளித்த கீழக்கரை முஸ்லிம்களுக்கு அப்பார்கள் தம் வீட்டுத் திண்ணைபோல் பழக்கமானவை. கடலடியைக் கண்ணாற் கண்டவர் அவர்களே.

பார் தேய்ந்த கதை

1960களில் இழுவை மடிகளைக் கொண்ட விசைப்படகுகள் பெருகின. மடி கடலடியை வாரிச் செல்வது. தூண்டில் தேர்ந்தெடுக்கும், மடி தேர்ந்தெடுக்காது. குஞ்சும் தாயும் இரையும் ஒன்றாய் ஏறும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் கரையோரம் மூன்று கடல் மைலை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கியது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடையும் உண்டு. சட்டம் நல்லதே, கடலில் வேலி கட்ட முடியாததே குறை.

பார்களுக்கு நேர்ந்த வேறொரு கேடு பவளம் தோண்டியது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளப்பாறை வெட்டப்பட்டது. 1986இல் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளத்துக்குச் சட்டக் காப்பு வந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரே தோண்டல் பெரிதும் ஓய்ந்தது. அதற்குள் விளைந்த இழப்புக்குத் தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவே சாட்சி. 1969இல் 16 ஹெக்டேர் இருந்த அது, 2015 அளவில் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. அரிப்பைத் தடுக்கச் செயற்கைப் பார்கள் இடப்பட்டு வருகின்றன. செப்பிலியின் குஞ்சுகள் வளரும் முகத்துவாரமோ, ஸ்ரீவைகுண்டம் அணையைக் கடந்து வரும் நன்னீர் குறைந்தமையால் மெலிந்து கிடக்கின்றது.

பெருமீனின் இழப்பு எண்ணிக்கையிழப்பு மட்டுமன்று. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவிலுள்ள செப்பிலி இனமொன்றை ஆய்ந்தோர் கண்ட கணக்கு இது: 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தாய்மீன் இடும் முட்டை, 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 மீன்கள் இடும் முட்டைக்கு ஈடு. அதே வளைகுடாவில் நம் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செம்மீன் உண்டு. 1980களில் அதனைக் கருக வறுக்கும் சமையல் ஒன்று நாடெங்கும் புகழ்பெறவே, கப்பல்கள் பெருமீன்களை வளைத்து வாரின. சில ஆண்டுகளுக்குள் கூட்டரசின் கடற்பரப்பில் அம்மீனைப் பிடிப்பதையே நிறுத்த நேர்ந்தது. ஒரு நாக்கின் ருசி ஒரு கடலை வெறுமையாக்கப் போதும்.

நம் பங்கு

குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்திவிட்டுப் போவது நேர்மையன்று. கரையில் நிற்கும் வணிகனுக்கும் இதிற் பங்குண்டு. அவ்வணிகரில் நம்மவரும் பிறரும் இருந்தனர், இருக்கின்றனர்.

ஃபிக்ஹு நூல்களில் ஐயமுள்ள வணிகத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் கற்பிப்பது, நீரிலுள்ள மீனை விற்பது கூடாது என்பதே. பிடிக்கப்படாத மீன் எவருடையதுமன்று. பிடித்தவனுக்கே அது உரியது. முன்கூட்டிப் பணம் தந்து பின்னர்ப் பொருள் பெறும் ‘ஸலம்’ ஒப்பந்தம் ஆகுமானதே. ஆயினும் அளவும் விலையும் தவணையும் தெளிவாயிருத்தல் அதன் நிபந்தனை. நம் கரைகளில் நடந்தது என்ன? வள்ளத்துக்கும் கயிற்றுக்கும் முன்பணம் தருவது. கடன் தீரும்வரை பிடிக்கும் மீனையெல்லாம் தந்தவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பது. நீரிலுள்ள மீனை மட்டுமன்று, இனிப் பிறக்கவிருக்கும் மீனையும் அவனை விற்கச் செய்தது இம்முறை. கடனடைக்க அவன் தூண்டிலைச் சுருட்ட வேண்டிய வேளையிலும் சுருட்டாமல் நின்றான். முப்பதாண்டுகளாக நாம் அப்பாடத்தை நடத்தியுள்ளோம். நீரிலுள்ள மீன் என்பது ஏட்டிலுள்ள எடுத்துக்காட்டாகவே நமக்கு இருந்தது. கடற்கரைக்குப் போய் அதனைப் பொருத்திப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

முதியவரின் மக்கள் இருவரும் கடலுக்குச் செல்வதில்லை. ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் தூத்துக்குடியில் வேலை. இன்று கடல் செல்வோர் செயற்கைக்கோள் கருவியைப் பார்த்துப் பாரைக் காண்கின்றனர். அதனைக் குறை கூறோம். துன்பத்தைக் குறைக்கும் கருவி நல்லதே. ஆயினும் இணை அடையாளங்களை அறிந்த கண்கள் மூடிக்கொண்டால், எத்தனையோ பார்களின் பெயரும் அவற்றோடு போய்விடும். “அண்ணாச்சி, யாரிடமாவது சொல்லி வையுங்களேன்” என்றோம். “கேக்க ஆளு வரணும்லா” என்றார்.

அடுத்த வாரம் அச்சிறுவனை அழைத்துச் சென்றோம். ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் அவன் கையில். முதியவர் அவனைத் தம் அருகில் அமர்த்தி, கடலை நோக்கி விரலை நீட்டினார். நம்மைச் சிறிது தள்ளி உட்காரச் சொன்னார். அவர் தணிந்த குரலில் சொல்வதும் அவன் எழுதுவதும் தெரிந்தன. சொற்கள் நமக்குக் கேட்கவில்லை. அஸர் பாங்கு கேட்கும்வரை அவன் எழுதிக்கொண்டிருந்தான்.